நாற்றங்காலில் எழுதப்படும் ஆள் கணக்கு

எண்ணெய்ப் பனை நாற்றங்காலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, கன்று வளர்க்கும் பைக்கு மண் நிரப்புவது. எண்ணிக்கைக் கூலி. நூறு பைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, மண் குவியலைக் காட்டிவிட்டு மேஸ்திரி போய்விடுவார். சாயங்காலம் வந்து வரிசையை எண்ணுவார். யார் அதிகம் நிரப்பினாரோ அவருக்கு அன்று நல்ல பேர். எனக்குக் கை வேகம். மூன்றாவது வாரத்திலேயே என் எண்ணிக்கை மற்றவர்களைத் தாண்டிவிட்டது.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மண்ணைத் தட்டி அமுக்காமல் அள்ளிக் கொட்டினால் பை சீக்கிரம் நிரம்பும். மேலே இரண்டு கை மண்ணைப் போட்டு விளிம்பு வரை சமன் செய்தால் பார்ப்பவர் கண்ணுக்கு முழுப்பை. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றியதும் மண் முக்கால் பைக்கு இறங்கிவிடும். இறங்கிய பையின் வாய் உள்ளே மடிந்து தண்ணீரை மறிக்கும். கன்று வைத்த பிறகு இறங்கினால் இன்னும் மோசம்: அடித்தண்டைச் சுற்றி மண் விலகி வேர் வெளியே தெரியும். பிறகு இரண்டு பேர் கூடையில் மண் சுமந்து வந்து, பை பையாகக் குனிந்து, இலையை விலக்கிப் பிடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். அந்த இரண்டு பேரின் கூலி என் பேரில் ஏறவில்லை. நோட்டில் என் எண்ணிக்கை மட்டும் பெரிதாக நின்றது.

எண்ணெய்ப் பனை, எங்கள் வாயில் செம்பனை. அதன் நாற்றங்காலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டேன். பை நிரப்புகிறவளாக நுழைந்து, கன்று தேர்ந்து கழிக்கிறவளாகி, கடைசியில் நாற்றங்கால் பொறுப்பே என்னிடம் வந்தது. நடுவில் நான்கு ஆண்டுகள் ரப்பர் ஒட்டு நாற்றங்காலிலும் வேலை செய்தேன். ஆள் பற்றாக்குறை, ஆள் திறன் என்று பேச்சு எழும்போதெல்லாம் குலை வெட்டுகிறவர் ஒரு நாளில் எவ்வளவு வெட்டினார், பால் வெட்டுகிறவர் எத்தனை மரம் பார்த்தார் என்றே எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். அந்த மரம் பைக்குள் ஒரு சாண் உயரத்தில் நின்ற நாளிலேயே அவருடைய கணக்கில் பெரும்பகுதி எழுதி முடிந்துவிடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கையால் செய்து, சில தடவை கெடுத்து, கண்ணால் பார்த்தேன்.

முதலில் கண்ணைத் திறந்தது ரப்பர். அங்கே மொட்டு ஒட்டுகிறவர்களுக்கும் எண்ணிக்கைக் கூலிதான். ஆனால் எண்ணுகிற நாள் வேறு. வேர்ச்செடியின் பட்டையில் சின்ன சன்னல் மாதிரி வெட்டித் திறந்து, நல்ல ரகத்தின் மொட்டு உள்ள பட்டைத் துண்டை அதில் பொருத்தி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். சுற்றிய அன்று எல்லா ஒட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சுமார் 21 நாள் கழித்து நாடாவை அவிழ்த்து, பொருத்திய பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்போம். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு என்றால் போய்விட்டது. பச்சை தெரிந்ததையும் பத்து நாள் விட்டு இன்னொரு முறை பார்ப்போம். அந்த இரண்டாவது பார்வையிலும் பச்சையாக நின்ற ஒட்டுக்கு மட்டும்தான் கூலி.

அதன் விளைவை அவர்கள் கையில் பார்க்கலாம். நாலைந்து செடிக்கு ஒரு தடவை கத்தியைத் துடைப்பார்கள். மழைத் தண்ணீர் தண்டில் வழிந்துகொண்டிருக்கும் காலையில் ஒட்டவே மாட்டார்கள். பட்டை சுலபமாக உரியாத செடியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். மொட்டுப் பட்டையின் உள்பக்கத்தில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார்கள். யாரும் பின்னால் நின்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

செம்பனைக்குத் திரும்பி வந்ததும் நான் கேட்ட முதல் மாற்றம் அதுதான். பையை நிரப்பிய அன்று எண்ண வேண்டாம். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி, மண் படிந்த பிறகு, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை மண் நிற்கும் பையை எண்ணலாம் என்றேன். ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தோம். அன்றாடக் கூலிக்காரரின் பணத்தை மூன்று வாரம் தள்ளிப் போட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் நாள் கூலியை அன்றன்றே கொடுத்துவிட்டு, எண்ணிக்கையால் வரும் மேல்தொகையை மட்டும் மூன்றாவது வாரம் கொடுத்தோம். முதல் சில நாள் எண்ணிக்கை விழுந்தது. அலுவலகத்தில் முகம் சுளித்தார்கள். அடுத்த மாதம் மண் சுமந்து மறுபடி நிரப்பும் ஆட்களே தேவைப்படவில்லை; அவர்களைக் களைக்கு அனுப்பினோம்.

பை நிரப்புவதில் இன்னொன்று. பெரிய நாற்றங்கால் பை 38 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம். நிரம்பினால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. எங்கள் நாற்றங்காலில் ஒரே ஒரு மண் குவியல், ஒரு மூலையில். அங்கே நிரப்பி, இடுப்பில் அணைத்துத் தூக்கி, வரிசைக்கு நடந்து போய் வைப்போம். ஒரு நாள் நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்த்தேன். நிரப்புகிற நேரத்தைவிடச் சுமக்கிற நேரம் அதிகம். மாலையில் எல்லாப் பெண்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிராக்டர் வைத்து வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குவியலாக மண்ணைக் கொட்ட வைத்தோம். பை எங்கே நிற்கப் போகிறதோ அங்கேயே நிரப்பினோம். ஒருவரும் கையை வேகப்படுத்தவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏறியது. இடுப்பு வலியால் லீவு போடுவது குறைந்தது. ஆள் திறன் என்று பேசுகிறவர்கள் முதலில் ஒரு நாள் முழுக்க நாற்றங்காலில் உட்கார்ந்து, யார் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பாருங்கள். வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

இனி விதை. செம்பனை விதை முளை விட்ட நிலையில்தான் வந்து சேரும். ஒவ்வொரு கொட்டையிலும் வெள்ளையாக இரண்டு நுனி: ஒன்று குருத்து, ஒன்று வேர். குருத்து கூராக, வெளுத்து இருக்கும். வேர் நுனி சற்று மழுங்கி, முனையில் பழுப்பு நிறம் தட்டியிருக்கும். இரண்டும் கண்ணாடி மாதிரி, தொட்டால் ஒடியும். சின்னப் பையில் சுமார் 2 செ.மீ. குழி போட்டு, வேர் கீழே, குருத்து மேலே இருக்க வைத்து, மெல்ல மூட வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான்.

ஒரு வருடம் விதை வந்தது வாரக் கடைசியில். மறுநாளே நட்டு முடிக்க வேண்டும் என்று அவசரம். வேறு பிரிவிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். காலையில் ஐந்து நிமிடம் சொல்லிக் கொடுத்தேன், அவ்வளவுதான். நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார்கள், நானும் புரிந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். ஆறு வாரம் கழித்து அந்தப் பாத்திகளைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. குருத்து கீழ்நோக்கிப் போய், வளைந்து, கொக்கி மாதிரி மண்ணுக்கு வெளியே வந்திருந்தது. சிலவற்றில் வேர்தான் மேலே எட்டிப் பார்த்தது. வளைந்த கன்று நிமிராது. கழித்தோம்.

அதற்குப் பிறகு நடவு நாளை மூன்று வேலையாகப் பிரித்தேன். ஒருவர் முந்தைய நாளே பைகளை நனைத்து வைப்பார். ஒருவர் குழி போட்டுக்கொண்டே முன்னால் போவார். விதை வைப்பது மட்டும் பழகின கை. எனக்குக் கிடைத்த சிறந்த கை ஒரு பெரியம்மாவுடையது. நாங்கள் எல்லாரும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கண் அவ்வளவு தெரியாது, ஆனால் விரல் நுனியில் எது வேர் எது குருத்து என்று சொல்லிவிடுவார். அவரிடம் புதுசாக வந்த ஒரு பெண் கேட்டாள்: "எது எதுன்னு தெரியலைன்னா என்ன செய்யறது பெரியம்மா?" அவர் சொன்னார்: "தெரியலைன்னா நடாதே. ஈரத்துல எடுத்து வை. நாலு நாள் போனா அதுவே உனக்குச் சொல்லும்." இரண்டு நுனியும் நன்றாகப் பிரிந்து தெரியாத விதைகளை ஈரமாக ஒதுக்கி வைத்து, சில நாள் கழித்து நடும் பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது. நடவு ஒரு நாள் நீண்டால் நீளட்டும்.

சின்னப் பையில் மூன்று மாதம். மூன்று, நான்கு இலை வந்ததும் பெரிய பைக்கு மாற்றுவோம். பெரிய பையில் இன்னும் எட்டு ஒன்பது மாதம். இந்த இரண்டு கட்டத்திலும் நான் உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலை கழிப்பது.

சின்னப் பையில் கழிக்க வேண்டியது கண்ணுக்குச் சீக்கிரம் படும். புல் மாதிரி ஒல்லியாக இலை போடுவது. இலை நெடுக உருண்டு ஈட்டி மாதிரி நிற்பது. முறுக்கிக்கொண்டது. நெருக்கி மடித்த துணி மாதிரி சுருக்கம் விழுந்தது. இலையின் நடுவில் இறுக்கிக் கட்டினாற்போல் குறுகியது. வெள்ளைப் பட்டை ஓடியது. ஒரே விதையில் இரண்டு முளை வந்ததைப் பிரித்துத் தனித்தனியாக நடலாம், அது கழிவல்ல.

பெரிய பையில்தான் மனசு அலைபாயும். ஏனென்றால் அங்கே கழிக்க வேண்டிய கன்று சில நேரம் ஆரோக்கியமாகத் தெரியும். புதிய இலைகள் பழையவற்றைவிடக் குட்டையாக வந்து, மேலே கத்தரித்துவிட்டது மாதிரி தட்டையாக நிற்கும் கன்று. பச்சைப் பசேல் என்று இருக்கும். இலைகள் விரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது மாதிரி செங்குத்தாக நிற்கும் கன்று. வரிசையிலேயே உயரமாக இருப்பதால் புது ஆட்கள் அதைத்தான் "நல்லா வந்திருக்குக்கா" என்று காட்டுவார்கள். அது பெரும்பாலும் மலடாகும். மற்றக் கன்றுகளின் இலை பிரிந்து கீற்றாகிவிட்ட பிறகும் பிரியாமல் குழந்தை இலையோடே நிற்பது ஒரு வகை. கீற்றுகள் ரொம்ப நெருக்கமாகவோ ரொம்ப விலகியோ இருப்பது இன்னொரு வகை. இவை எல்லாவற்றையும் சம வயதுக் கன்றுகளோடு நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். வரிசையில் வயது கலந்துவிட்டால் எது பின்தங்கியது, எது பிந்தி நட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு நாளில் நட்ட விதை ஒரு பாத்தியில், தேதி எழுதிய பலகையோடு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நல்ல இடத்தில் வாங்கிய விதையிலும் நூற்றுக்கு இருபதுக்கு மேல் கழியும். இருபத்தைந்து வரைக்கும் போகும். அதனால்தான் ஒரு ஹெக்டேருக்கு 143 மரம் நட, 200 முளைவிதை வாங்குவது. 143 எப்படி வருகிறது என்றால், முக்கோண முறையில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டால் ஒரு ஹெக்டேரில் அவ்வளவுதான் நிற்கும்.

ஒரு மேலாளர் கழித்துப் போட்ட குவியலைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "விதைக் காசு, பைக் காசு, எட்டு மாசத் தண்ணி, உரம், கூலி. எல்லாத்தையும் இப்படித் தூக்கிப் போட்டா எப்படிம்மா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன்.

"சார், இது வயல்ல நின்னா 25 வருஷம் நிக்கும். மூணாம் வருஷம் அறுவடை தொடங்கும்னு வைங்க. பத்து நாளைக்கு ஒரு சுற்று. வருஷத்துக்கு 36 சுற்று. 22 வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 800 தடவை ஒரு ஆள் இந்த மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பாத்து, ஒண்ணும் இல்லைன்னு போவார். அது போக மரத்தடிக் களை, உரம், மட்டை வெட்டுறது. எட்டு மாசச் செலவுக்காக 25 வருஷச் செலவ ஏத்துக்கணுமா?"

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை விதை வாங்கும்போது தானாகவே கூடுதலாகச் சேர்த்து ஆர்டர் போட்டார்.

ஆனால் அந்தக் கணக்கு எனக்குத் தெரிவதற்கு முன்னால் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். கழித்த கன்றுகளை வேலி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, பிறகு வெட்டலாம் என்று விட்டேன். வயலில் நட்டதில் சில பட்டுப்போய் இடைவெளி விழுந்திருந்தது. வண்டி வந்தது, நல்ல கன்று கைவசம் குறைவு, வேலி ஓரத்தில் பச்சையாக ஐம்பது அறுபது நின்றது. "இதையும் எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஆறேழு வருடம் கழித்து வேறு வேலையாக அந்த வயல் வழியாகப் போனேன். எந்தெந்த மரம் நான் அனுப்பியது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றி நின்ற மரங்களில் குலை தொங்கியது. அவை வெறும் மட்டையாக நிமிர்ந்து நின்றன. அங்கே குலை வெட்டிக்கொண்டிருந்த தம்பி, நீண்ட கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு கழித்த கன்றை அன்றே, என் கண் முன்னால், அடித்தண்டில் வெட்டிப் போட்டுவிடுவது வழக்கம். மண்ணை எடுத்துக்கொள்ளலாம். கன்று உயிரோடு இரவு தங்கக் கூடாது.

விதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதில் பலர் ஏமாறுகிறார்கள். செம்பனைப் பழத்தில் ஓடு தடித்தது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. அதில் பெண் பூ பெரும்பாலும் மலடு. இரண்டையும் சேர்த்தால் ஓடு மெல்லிய, சதை அதிகமுள்ள டெனெரா. இந்த வாரிசு முறையை 1941-இல் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வெய்ன் என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்று தோட்டங்களில் நிற்பது டெனெரா. சிலர் அந்த மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, கொட்டையை முளைக்க வைத்து, காசு மிச்சம் என்று நடுகிறார்கள். டெனெராவுக்கும் டெனெராவுக்கும் பிறப்பதில் நாலில் ஒன்று டூரா, நாலில் ஒன்று பிசிஃபெரா, பாதிதான் டெனெரா. அதாவது நாலு மரத்துக்கு ஒரு மரம் ஏறக்குறைய காய்க்காது, இன்னொன்றில் எண்ணெய் குறைவு. நாற்றங்காலில் நான் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் டூராக் கன்றையும் டெனெராக் கன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. இலையில் அடையாளம் இல்லை. இங்கே என் கழிப்பு வேலை கைகொடுக்காது. விதை வாங்கும் இடம் ஒன்றுதான் காப்பாற்றும்.

தண்ணீர். நாற்றங்காலில் அதிகம் ஆள் விழுங்குவது அதுதான். பெரிய பையில் வளர்ந்த கன்றுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வேண்டும். பத்தாயிரம் கன்று என்றால் 20,000 லிட்டர் வரை. குழாய் பிடித்து ஊற்றினால் ஒரு ஆளின் காலை முழுவதும் போகும். கடைசி வரிசைக்கு வரும்போது கை சோர்ந்து அரைகுறையாக ஊற்றுவார். குழாயின் வேகத்தில் பையின் மண்ணும் குழியும். தெளிப்பான் வைத்ததும் நாலு பேரின் வேலை ஒருவர் கைக்கு வந்தது. ஆனால் தெளிப்பான் வைத்துவிட்டு யாரும் போய்ப் பார்க்காமல் இருந்தால் அது ஆபத்து: அடைத்துக்கொண்ட முனைக்குக் கீழே வட்டமாக ஒரு வறட்சி விழும். தினமும் ஒரு தடவை ஒருவர் நடந்து, பைக்குள் விரலை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும். 10 மி.மீ.க்கு மேல் மழை பெய்த நாளில் ஊற்ற வேண்டாம். மழைமானி வாங்கி வைத்ததே எங்களுக்குப் பல ஆள் நாட்களை மிச்சப்படுத்தியது. பையின் மேல் கொட்டை ஓட்டைத் தூவினால் ஈரம் நிற்கும், களை குறையும், கைக்களை எடுக்கும் ஆளும் குறையும்.

இடைவெளியைச் சுருக்காதீர்கள். பெரிய பைகள் முக்கோணமாக 90 செ.மீ. விட்டு நிற்க வேண்டும். நடக்கும் தூரம் குறையும், குழாய் மிச்சம் என்று நெருக்கி வைத்தால் கன்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு ஒல்லியாக நீளும். ஈரம் காயாமல் இலைப்புள்ளி நோய் பரவும். அப்படி நீண்ட கன்று வயலில் முதல் காற்றுக்கே சாயும். சாய்ந்ததை நிமிர்த்தி முட்டுக் கொடுக்க மறுபடி ஆள்.

ஆளைக் குறைப்பது என்றால் விரட்டுவது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. செம்பனையின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. தென்கிழக்கு ஆசியாவுக்கு மரம் வந்தது, அதன் பூவைத் தேடி வரும் பூச்சி அதோடு சேர்ந்து வரவில்லை. காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தூளைக் கையால் பெண் பூவில் தூவினார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் ஆய்ந்து, ஆண் பூவில் வாழும் ஒரு சிறு கூன்வண்டுதான் மகரந்தம் சுமக்கிறது என்று காட்டினார். 1981-இல் அந்த வண்டை மலேசியாவில் விட்டார்கள். காய்பிடிப்பு உயர்ந்தது, கையால் தூவும் அந்தப் பெரிய வேலையே தேவையில்லாமல் போனது. அங்கே யாருடைய கையையும் வேகப்படுத்தவில்லை. மரத்துக்கு என்ன குறை என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்தார்.

வயல் நடவுக்கு வருகிறேன். ஏறக்குறைய ஒரு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்ததை ஒரே நாளில் கெடுக்கக்கூடிய இடம் இது. கன்றை இலையைப் பிடித்துத் தூக்குவது முதல் தப்பு. பையின் அடியில் ஒரு கை, தண்டில் ஒரு கை. ஏற்றும் முன் நன்றாக நனைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுருண்டை உடையும். பையை வெட்டி எடுத்துவிட்டு, தண்டு மண்ணோடு சேரும் இடம் தரை மட்டத்தில் இருக்க நட வேண்டும். ஆழமாகப் போனால் குருத்து அழுகும். மேலாக நின்றால் மரம் ஆடும்.

இதிலும் எண்ணிக்கைக் கூலி விளையாடியது. ஒரு வயலில் மூன்றாம் மாதம் சில கன்றுகள் மஞ்சள் தட்டி, வளராமல் நின்றன. தோண்டிப் பார்த்தால் பை அப்படியே இருந்தது. வெட்டி எடுக்க நேரமில்லாமல் பையோடு குழியில் இறக்கி மூடியிருக்கிறார்கள். நட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் மண்ணைத் தட்டாமல் நிரப்பியவள்தான். அதற்குப் பிறகு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். நட்டு முடித்ததும் அந்தக் கன்றின் பையை அதன் பக்கத்து அடையாளக் குச்சியில் மாட்டிவிட வேண்டும். மேஸ்திரி கன்றை எண்ண வேண்டாம், குச்சியில் தொங்கும் பையை எண்ணினால் போதும். மறுநாள் ஒருவர் போய்ப் பைகளைச் சேர்த்து எடுத்து வருவார். அதோடு அந்தத் தொல்லை நின்றது.

ரப்பரிலும் இதே மாதிரிதான். மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. ஆனால்தான் கத்தி வைக்கலாம். கன்றுகள் ஒரே சீராக இருந்தால் வயல் முழுவதும் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வரும். பையின் அடியில் ஆணிவேர் சுருண்டுபோன கன்றும், நல்ல கன்றும் கலந்து நின்றால், ஒரு வரிசையில் வெட்டக்கூடிய மரத்தைத் தேடித் தேடிப் பால் வெட்டுகிறவர் நடக்க வேண்டும். விடியற்காலையில் ஒருவர் 300 முதல் 400 மரம் பார்க்க வேண்டிய வேலையில் அந்தத் தேடல் எவ்வளவு தின்னும் என்று பால் வெட்டினவருக்குத் தெரியும்.

கடைசியாக, தேதி. நான் பார்த்த நட்டங்களில் மிகப் பெரியது நிலம் தயாராகாததால் வந்தது. கன்று பன்னிரண்டு மாதத்தில் தயார். வயலில் இன்னும் பழைய மரம் சாய்த்து முடியவில்லை. பதினான்கு, பதினாறு மாதம் என்று நாற்றங்காலிலேயே நின்றது. வேர் பையைத் துளைத்துக் கீழே தரைக்குள் இறங்கிவிட்டது. பெயர்த்தபோது வேர் அறுந்தது. இலைகளை வெட்டிக் குறைத்து அனுப்பினோம். ஒரு கன்றைத் தூக்க ஒருவர் போதும் என்பது போய் இரண்டு பேர் தேவைப்பட்டது, வண்டியில் பாதிக் கன்றுதான் ஏறியது, நட்ட பிறகும் மாதக்கணக்கில் புது இலை வராமல் அப்படியே நின்றது.

அதனால் பின்னோக்கி எண்ணுங்கள். மழை தொடங்கும் மாதத்தைக் குறியுங்கள், நடவு அப்போது. அதற்குப் பன்னிரண்டு மாதம் முன்னால் முளைவிதை கைக்கு வர வேண்டும். விதை தருகிற இடத்திலும் கொட்டையை 40 டிகிரி அளவு வெப்பத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்து, பிறகு நனைத்து முளைக்க விடுகிறார்கள். ஆகவே ஆர்டர் அதற்கும் பல மாதம் முன்னால் போயிருக்க வேண்டும். பை நிரப்பி மண் படிய மூன்று வாரம். இந்த முறை எங்கள் நிலம் முன்கூட்டியே சுத்தமாகிவிட்டது, மூடுபயிர் விதைத்தாகிவிட்டது. முளைவிதை அடுத்த மாதம் வருகிறது. இன்று காலை வரிசைகளுக்கு நடுவே மண் கொட்டத் தொடங்கினார்கள், புதுசாக ஆறு பெண்கள் வந்திருக்கிறார்கள். நாளைக்கு அவர்களுக்கு மண்ணைத் தட்டி நிரப்பச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.